ரிமினி தாண்டியதும் கூப்பிடு

துல்லியோ,

கோழி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. நன்றாகக் கொதித்த பிறகே தொர்த்தெல்லினி பாஸ்தாவைப் போடு. உன் மனைவி சொன்னாலும் கிரீம் சேர்க்காதே. என் சாவி கீழ்வீட்டு மஃபால்தாவிடம் இருக்கிறது. செடிகளை அவள் பார்த்துக்கொள்வாள்.

நான் லெச்சேவுக்கு ரயிலில்தான் போகிறேன். நேற்று நீ, "விமானத்துல ஒன்றரை மணி நேரம்மா. எழுபத்தாறு வயசுல ரயில்ல தனியா என்ன வேலை?" என்றாய். "வேடிக்கை பாக்குறதுதான்டா வேலை," என்றேன். கதவை அறைந்துவிட்டுப் போனாய். உன் அப்பாவும் அப்படித்தான் அறைவார்.

ரயிலில் நானும் அவரும் மாறி மாறித் தூங்குவோம். இறங்கும் ஊர் வந்ததும் விழித்திருப்பவர் மற்றவரை எழுப்புவார். இப்போது அவர் இல்லை, எழுப்ப ஆளில்லை. அதனால் லெச்சேயோடு ஓட்டம் முடியும் வண்டியாகப் பார்த்துச் சீட்டு எடுத்தேன். நிம்மதியாகத் தூங்கலாம்.

பி.கு.: நடுவில் வண்டி மாற வேண்டாம். முழங்காலுக்கும் கவலையில்லை.

இன்னொன்று: ஞாயிறு மாலை நான் திரும்பும் வண்டி நம் ஊர் பொலோனியாவோடு முடியாது, மிலான் வரை போகும். ரிமினி தாண்டும்போது மணி ஆறரை ஆகும்; அங்கிருந்து பொலோனியாவுக்கு ஒரு மணி நேரம். அப்போது கூப்பிட்டு, நேற்றைய சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பி. நான் தூங்கவே மாட்டேன்.

அம்மா