வாய்க்கால் முக்குக் கிணறு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேர்ந்து காத்து. இன்னும் ஆடி பொறக்கல, அதுக்குள்ள கொடியில துணி நிக்க மாட்டேங்குது.

வேலை: படம் பதினெட்டு இருக்கு, ஆறாக்கணும். பேச்சு அஞ்சு நிமிஷம். நைட்ரேட்னு வாயில வரக்கூடாது, "உர உப்பு". சேலை அயர்ன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஆராய்ச்சி செய்யுறவங்க ஊருக்குள்ள போய் சாதாரண ஜனங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணுமாம். பல்கலைக்கழகத்துல புதுக் கூத்து. பரிசெல்லாம் உண்டு. எனக்கு விழுந்தது குச்சனூர்ப் பக்கத்து ஊர். ரெண்டு வருஷமா நான் கிணறு கிணறாத் தண்ணி மொண்ட அதே ஊர்.

மதியம் என் பேராசிரியர் முன்னாடி ஒத்திகை. கடைசிப் படத்துக்கு நான் எழுதி வச்சது: "சிவப்புப் புள்ளி உள்ள கிணறு பள்ளத்துல இருக்கு. மேட்டுத் தோட்டங்கள்ல போடுற உரமெல்லாம் இறங்கி இங்கதான் சேருது. மத்ததைவிடக் கூடுதல், ஆனா குடிக்கிற அளவுக்குள்ளதான் இருக்கு." இதை எடுத்துடச் சொன்னாரு. ஜனங்களுக்கு ஒரு சேதிதான் போகணுமாம், ரெண்டு சொன்னா ரெண்டும் நிக்காதாம்.

எடுத்துட்டேன். சரியா அஞ்சு நிமிஷம் வந்துச்சு. சந்தோஷம் வேற, இந்தக் கழுதைக்கு.

ஜூலை 11, வெள்ளி

சமுதாயக் கூடம். மைக் கரகர. வடை ஆறிப்போச்சு. நல்ல கூட்டம், பாதி வடைக்கு.

நல்லாத்தான் பேசினேன். யூரியா, மழை, மண்ணு, கிணறு. தலையாட்டினாக. ஒரு பெரியவர் பேரனைக் கூப்பிட்டு கேட்டுக்கடான்னு முன்னாடி உட்கார வச்சாரு.

அப்புறம் அந்தப் படம். வாய்க்கால் ஒரு கோடு, பன்னெண்டு புள்ளி. பேர் போடல, எண்தான். யார் கிணறுன்னு வெளிய வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கோமே. உர உப்பு குறைஞ்சா பச்சை, கூடினா மஞ்சள், எல்லாத்தையும்விடக் கூடினது ஒரே ஒரு சிவப்பு.

பின்வரிசையில: "ஏலே, வாய்க்கா வளையுதுல்ல, அங்கன. சிலுவைக் குருசடிக்குப் பின்னால."

"அப்ப செபஸ்தி கிணறுலே."

அம்புட்டுத்தான். பொறந்ததுலேர்ந்து அந்த வாய்க்கால் கரையில நடக்கிற ஜனத்துக்கிட்ட எண்ணைப் போட்டு மறைச்சிருக்கோம் நாங்க, பெரிய படிப்புப் படிச்சவங்க.

செபஸ்தியம்மா அக்கா மூணாவது வரிசையில. திரும்பிப் பார்க்கல. பக்கத்துல இருந்தவ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தா.

முதல் நாள் தண்ணி எடுக்கப் போனப்ப அவுக கேட்டது ஒண்ணே ஒண்ணு. "முடிவு வந்தா வந்து சொல்லணும் பாப்பா. எழுதிக்கிட்டுப் போறவுக யாரும் திரும்ப வர்றதில்ல." ஒவ்வொரு தடவையும் சொம்புல மொண்டு எனக்குக் குடிக்கக் குடுத்துட்டுத்தான் பாட்டிலைத் தொட விடுவாக.

கேள்வி நேரத்துல எந்திரிச்சு அந்த வெட்டின மூணு வரியைச் சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள பஞ்சாயத்துத் தலைவர் பொன்னாடையோட வந்துட்டாரு. போட்டோவுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

எனக்கு முதல் பரிசு. எளிமையான விளக்கத்துக்காம். காலையிலேர்ந்து போன் முழுக்கக் கைதட்டுற கை.

பதினொரு மணிக்கு முருகேசண்ணன் போன். ஊர்த் தண்ணி திறந்து விடுறவரு, எனக்குக் கிணறெல்லாம் காட்டினவரு. டீக்கடைக்கு அக்கா கிணத்துலேர்ந்துதான் குடம் போகும், நிப்பாட்டிட்டாகளாம். சந்தையில கீரைக்கட்டை அப்படியே திருப்பி அனுப்பிட்டாகளாம். 'சிவப்புக் கிணத்துக் கீரை'ன்னு பேரே வச்சாச்சு. அக்காவுக்குக் கீரையை விட்டா வேற பிழைப்பு இல்ல.

ரொம்பச் சத்தம் போடுறது யாருன்னு கேட்டேன். மேட்டுத் தோட்டத்துக்காரர். மூட்டை மூட்டையா யூரியா போடுறவரு. "ஊரையே கெடுத்துட்டா"ங்கிறாராம். அவர் போட்டது இறங்கி வந்து நிக்கிது அவுக கிணத்துல. அவரு யோக்கியர், இவுக குத்தவாளி.

மதியம் மோர் மட்டும்.

ஜூலை 16, புதன்

பேராசிரியர் அறை. ஊருக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பணும்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"நீ சொன்னதுல என்ன தப்பு? தப்பு இல்லாததுக்குத் திருத்தம் போட்டா ஆய்வு மேலயே சந்தேகம் வரும்மா."

அடுத்த மாசம் கடமலைக்குண்டுல இதே பேச்சு. படத்தை மாத்த வேண்டாமாம், நிறம் நல்லா எடுத்துக் குடுக்குதாம்.

சொன்னதுல தப்பு இல்லதான். விட்டதுலதான். அவரைத் திட்டி என்ன, வெட்டினது என் கைதானே.

விளக்கத்தை நானே ஒரு பக்கம் எழுதினேன். பிரிண்ட் பத்து. பல்கலைக்கழக சீல் கிடையாது.

பல்லு வலி. கிராம்பு வாங்கணும்.

ஜூலை 19, சனி

முதல் ஆடிச் சனி. குச்சனூர்க் கோயிலுக்குப் போற கூட்டம், பஸ்ஸுல கால் வைக்க இடமில்ல. பாதியில இறங்கி நடந்தேன்.

டீக்கடையில தாளை ஒட்டக் குடுத்தேன். மாஸ்டர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாரு. சீல் இல்லியே டீச்சர்னாரு. ஒட்டினாரு, சீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி மூலையில.

அக்கா தோட்டம். தண்டங்கீரை முத்திப் பூ வச்சு நிக்கிது. ஒரு பாத்தியை அறுத்து மாட்டுக்குப் போட்டிருக்காக.

திட்டுவாகன்னு போனேன். திட்டல. கட்டில்ல உட்காரச் சொன்னாக. வெட்டின மூணு வரியையும் சொன்னேன். மேட்டுத் தோட்டம், பள்ளம், அளவு, எல்லாம். முந்தானையால கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாக.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

நேரம் இல்லக்கான்னு வாய்ல வந்துருச்சு. சீ, என்ன பொழப்பு.

நாக்கு வறண்டு போச்சு. தண்ணி கேட்டேன். உள்ள போயி அதே சொம்புல கொண்டுவந்தாக. வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. கேன் தண்ணி. வர்றவுகளுக்குன்னு வாங்கி வச்சிருக்காகளாம். அவுக குடிக்கிறது கிணத்துத் தண்ணிதான்.

கிணத்துத் தண்ணியே குடுங்கன்னேன். வேண்டாம்னாக. ரெண்டு வருஷமா இதைத்தானேக்கா குடிச்சேன்னேன்.

"அப்பத் தெரியாதுல்ல பாப்பா."