வெயில் பக்கத்து கேலரி

சிதம்பரம்,
22.11.2009

அன்பு மகள் கலைமணிக்கு,

அப்பா எழுதுகிறேன். கடலூரில் நேற்றும் நல்ல மழை என்றார்கள். ஹாஸ்டலில் துணி காயாது. ஈரத்தோடு எதையும் போட்டுக்கொள்ளாதே. இங்கே நான் சௌகரியம். கடையைப் போன வாரம் திறந்துவிட்டேன். தண்ணீர் புகுந்த மோட்டார்கள் நிறைய வந்து கிடக்கின்றன, உள்ளே காயில் கம்பி சுற்றிக் கட்ட ஆள் பத்தவில்லை. சோறு மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். குழம்பு லோகநாயகி அத்தை வீட்டிலிருந்து வருகிறது.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

அம்மாவின் காரியம் முடிந்து பையோடு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாய். "மேட்சுக்குப் பாஸ் அனுப்பினேனே, ரெண்டு சீட்டும் காலியாவே கெடந்துச்சே. எங்கம்மாவ ஒரு தடவ கூட்டிக்கினு வர ஒனக்கு மனசு வரலியாப்பா?" என்றாய். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன். அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை. எட்டாம் வகுப்பில், பெண் பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஓடுவதா என்று ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தவன் நான். போட்டவள் உன் அம்மா.

பாப்பா, உன் அம்மா வந்தாள். செப்டம்பரில், சென்னை நேரு ஸ்டேடியத்தில், நேபாள ஜூனியர் அணியோடு நீங்கள் ஆடிய கால்பந்து ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

நீ ஏப்ரலில் வந்து போன பிறகுதான் அவள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆரம்பித்தோம். முடியெல்லாம் கொட்டிவிட்டது. நீ அப்போது பெங்களூர் கேம்பில் இருந்தாய். "தெரிஞ்சா மூட்டையக் கட்டிக்கினு ஓடியாந்துடுவா. இந்தியா சட்டையப் போட்டு ஒரு ஆட்டம் ஆடட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சரியாகிவிடும் என்றுதான் நானும் நம்பினேன்.

ஆட்டத்தன்று, ஊசி போட்டு ஒன்பதாவது நாள். வேண்டாம் என்றேன், டாக்டரும் வேண்டாம் என்றார். விடியும்போது புடவை கட்டி, தலைக்கு ஸ்கார்ப் சுற்றி, தயிர் சாதம் கட்டிவைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மதுராந்தகத்துக்கு முன்னால் ஒருமுறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, மூன்றரைக்குள் போய்விடுவோமா என்றுதான் கேட்டாள்.

உன் பாஸ் இரண்டும் அவள் பையில்தான் இருந்தன. அங்கே உட்கார்ந்தால் நீ பார்த்துவிடுவாய் என்று, கவுன்டரில் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். எதிர்ப்பக்கம், வெயில் அடிக்கிற கேலரி. கூட்டம் ரொம்ப இல்லை. கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் பேர் கொடியோடு இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தேசிய கீதத்துக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முடியும் வரை உட்காரவில்லை.

முதல் பாதியில் நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். "நம்ம புள்ளய எறக்கவே மாட்டாங்களாங்க?" என்று நாலைந்து தடவை கேட்டாள். அடுத்த பாதியில் நீ பதினேழாம் நம்பர் போட்டு ஓடி வந்தபோது அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையனிடம், "அது எம் பொண்ணு தம்பி, எங்களுக்குச் செதம்பரம்" என்றாள். அவன் நம்பினானோ என்னவோ, எழுந்து கை கொடுத்தான். நீ இடது பக்கமாகக் கொண்டுபோய் அடித்தாயே, அந்தப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கேலரி முழுக்க ச்சே என்றது. உன் அம்மா மட்டும் கை தட்டினாள். கோல் இல்லை, விருத்தா, என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். "தெரியுதுங்க. அவ்ளோ தூரம் கொண்டாந்துட்டாள்ல" என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் நீ என்ன செய்கிறாய் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து, தோற்ற முகத்தோடு நீங்கள் எல்லோரும் மைதானத்தைச் சுற்றிக் கை தட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்களுக்கு நேரே, கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நீ நின்றாய். முழங்காலில் ரத்தம் தெரிந்தது. நான் எழுந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். உன் அம்மா பையன்களின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டு என் சட்டையை இழுத்தாள். "கூப்புடாதீங்க. இந்தக் கோலத்துல பாத்தா அவளுக்குக் காலு ஓடாது" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வாழ்நாளில் அவள் பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை. அன்றைக்குப் போய்க் கேட்டேன். அதுதான் என்னை அறுக்கிறது.

திரும்பும்போது திண்டிவனம் வரைக்கும் உன் பேச்சுதான். அடுத்த ஆட்டத்துக்குள் முடி வளர்ந்துவிடும், அப்போது முன்வரிசையில் உட்காரலாம் என்றாள். ஆறு வாரத்தில் போய்விட்டாள். நான் உனக்குப் போன் செய்த அன்றே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. ஒரு நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் உன் குரலையாவது கேட்டிருப்பாள். சத்தியத்தைக் காரணம் சொல்லமாட்டேன். எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ இரண்டு வாரமாகக் கிரவுண்டுக்கே போகவில்லை என்று உன் ரூமில் இருக்கும் பொன்னி சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன். அம்மாவுக்காக ஆடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கோபத்தை என்மேல் வை, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வை. பந்தின்மேல் வைக்காதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கடலூர் வருகிறேன். கிரவுண்டு ஓரத்தில் நிற்கிறேன். நீ ஆடினால் ஆட்டத்தைப் பார்ப்பேன். ஆடாவிட்டால் உன்னைப் பார்த்துவிட்டுப் போவேன். பேசப் பிடித்தால் பேசு. திட்டினாலும் சரி.

நீ நல்லா இருக்கணும் பாப்பா.

உன் அப்பா
சு. வைத்திலிங்கம்