ஒருத்தி மட்டும் இருந்த குழு

தம்பி,

பேத்தியின் வெள்ளைக் கோட்டை இன்றைக்குத் தோய்க்க எடுத்தேன். பையில் களிம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பெப்பர்மின்ட் எண்ணெய் வாசம் குசினி முழுக்க ஏறிவிட்டது. கம்பசில் மருந்தாளர் படிப்புப் படிக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற என்னுடைய பேத்தி! றோட்டில் போகிறவர்களை மறித்தும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

நேற்று வந்ததும் வராததுமாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அம்மம்மா, குறூப் பிரிச்சாச்சு. என்ர கூட்டாளி ஒருத்தியும் என்னோட இல்லை. சேர் எல்லாரையும் வரிசையில நிப்பாட்டி, ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிப் பிரிச்சிட்டார்."

"நல்ல மனிசன்" என்றேன்.

அவளுக்கு என்னில் கோபம். எனக்கு உன்னில் கோபம். உன்னுடைய முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, இப்போது திட்டக்கூடாதுதான். ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

சம்பூர்ச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்த வருடம், என் புருசன் வழிச் சொந்தத்தில் யோகா என்ற பெட்டை எங்கள் லிங்கநகர் வீட்டில் வந்து தங்கினாள். தாய், தகப்பன், இரண்டு தம்பிமார் அகதி முகாமில். துறைமுகப் பக்கம் அந்தப் பழைய மண்டபத்தில் நீ நடத்திய மருந்துக் கலவை வகுப்புக்கு அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தது நான்தான். உன்னிடம் சோதனையில் சித்தியடைந்த பிள்ளைகளை மருந்துக்கடைப் பாமசிக்காரர் தாங்களாகவே வந்து வேலைக்குக் கேட்பார்கள். அப்படி ஒரு வேலையைத்தான் முகாமில் நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

உன் வகுப்பில் சோதனை இரண்டு தரம். முதலில் தனியே எழுத வேண்டும். பிறகு அதே கேள்விகளுக்குக் குழுவாகக் கூடிக் கதைத்து ஒரே விடை கொடுக்க வேண்டும். காய்ச்சல் பிள்ளைக்கு எத்தனை கரண்டி மருந்துப் பாணி என்று ஒருத்தி பிழைவிட்டால் மற்றவள் பிடிப்பாள். நல்ல முறை, அதில் நான் குறை சொல்லவில்லை. பாதிப் புள்ளி குழுவுக்கு. அப்படிப்பட்ட குழுவை நீ எப்படிப் பிரித்தாய்?

"விரும்பின ஆக்களோட அஞ்சு அஞ்சு பேராச் சேர்ந்து இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாய்!

இருபத்தொரு பிள்ளைகள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. நீ திரும்பி வந்தபோது யோகா மட்டும் சுவரோரம் நின்றாள். "நீர் கெட்டிக்காரிதானே, தனியச் செய்யும்" என்றாய்.

மூன்று கிழமை கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. "மற்றதுகள் கூடிக் கதைக்கேக்க நீ என்ன செய்வாய்?" என்று யோகாவைக் கேட்டேன்.

"ஆரோட கதைக்கிறது மாமி? கையைக் கட்டிக்கொண்டு இருப்பன். மணி அடிக்க, முதல் எழுதினதையே திரும்பக் குடுப்பன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க ஏலவில்லை.

நிலாவெளியில் எங்கள் அப்பு கரைவலைக்கு ஆள் நிறுத்தியதை நீ பார்க்காதவனா? விரும்பியபடி கயிறு பிடிக்க ஒருவனையும் விட்டாரா? பலசாலியையும் சோம்பேறியையும் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் பிரிப்பார். "மச்சான்மாரை ஒரே கயித்தில விட்டா வாய்தான் வேலை செய்யும்" என்பார். ஒரு பக்கம் முந்தி இழுத்துவிட்டால் வலையின் மடி சரிந்து மீன் போய்விடும். அந்தக் கயிற்றைப் பிடித்து உள்ளங்கை உரிந்தவன் நீ. படித்ததும் மறந்துவிட்டதா?

இதைக் கேட்கத்தான் அடுத்த நாள் உன் வகுப்புக்கு வந்தேன். வாசலிலேயே தொடங்கிவிட்டேன். "சம்பூர்ப் பிள்ளை எண்டுதானே எல்லாரும் ஒதுக்கிறியள்? அகதி எண்டா மனிசர் இல்லையோ?"

நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். "அக்கா, சத்தம் போடாதேங்கோ. வெளியில வாங்கோ."

"எனக்கு வாய் பொத்த வாறியோ? நான் பள்ளிக்கூடத்தை விட்டபடியால்தான் நீ படிச்சனி!"

அன்று பின்னேரம் வீட்டில் யோகா உடுப்பு அடுக்கினாள். "மாமி, நான் லிங்கநகர் எண்டுதான் அங்க சொல்லி வைச்சனான். சேருக்கு மட்டும்தான் தெரியும். புதுசா வந்தனான், வாயும் திறக்கிறேல்லை, அதாலதான் ஒருத்தரும் சேர்க்கேல்லை. இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆமிச் சென்றியில ஆரும் ஒரு சொல்லுச் சொன்னா, சம்பூர் எண்டா இயக்கமோ எண்டு பிடிப்பாங்கள், எனக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்."

நான் மறித்தேன். அவள் நிற்கவில்லை. விடிந்ததும் முகாமுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மத்தியானம் நீ எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றாய். கையில் புதுப் பட்டியல். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எண்ணி, நீயே பிரித்திருந்தாய். இரண்டாவது குழுவில் யோகாவின் பெயர். "அக்கா, அந்தக் குழுப் பிள்ளையள் அவவை எங்க எண்டு கேக்குதுகள்" என்றாய்.

"போயிட்டாள். உன்னாலதான் போனாள்" என்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு வகுப்பிலும் பிள்ளைகள் தாங்களாகக் குழுச் சேர நீ விடவில்லையாம். உன் செத்தவீட்டில் உன் மனிசி சொன்னாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் என்னிடம் கேட்டாய்: "அக்கா, அந்தப் பிள்ளை பிறகு எங்கயாவது படிச்சதோ?" எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவள் ஏன் போனாள் என்பதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. உன் கண் என் முகத்திலேயே நின்றது. நான் தலையணையைச் சரிசெய்தேன்.

முதல் பிழை உன்னுடையது, தம்பி. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், கோபமும் போகாது. ஆனால் அவள் வாயால் சொல்லிப்போன காரணம் என்னிடம்தான் இருக்கிறது. இவ்வளவு காலமும் அந்தப் பழியை உன்னைச் சுமக்க விட்டு, உன் வீட்டு முற்றத்தில் தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

அக்கா