மச்சான் பார்த்துக் கொடுத்த ரைபிள்

மச்சான்,

போன வாரம் ஆயுத பூஜை. கலப்பை, அரிவாள், கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சால் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்த கையோடு, உங்கள் தங்கை ரைபிளையும் எடுத்து வரச் சொன்னாள். துப்பாக்கி எண்ணெயும் சந்தனமும் கலந்த அந்த வாசனை எழுந்ததுமே உங்கள் முகம் வந்து நின்றுவிட்டது. அது போதாதென்று அவள் ரைபிளின் மரக்கட்டைக்குப் பொட்டு வைத்தபடி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "இது எங்கண்ணன் துப்பாக்கியாக்கும்" என்றாள். லைசென்ஸ் என் பேரில். விலை கொடுத்தவன் நான். நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் அது உங்கள் துப்பாக்கியாகவே இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் கடலை போடுகிறவனுக்குக் காட்டுப்பன்றிதான் பங்காளி. நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கெட்டித்து முடிப்பதற்குள் அது தின்று முடித்து மலையேறிவிடும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், அவருடைய ரைபிள் சேலம் செவ்வாய்ப்பேட்டை ராவுத்தரின் துப்பாக்கிக் கடையில் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கம் போயிற்று. கலெக்டர் கச்சேரிக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கினேன். பன்றி ஒரு சாக்குத்தான். எல்லாவற்றிலும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். உங்கள் கிணறு வற்றாது. உங்கள் சோளம் ஆள் உயரம் நிற்கும். பட்டாளத்தில் பாக்தாத் வரை போய்வந்த கதை வேறு. ஊரில் முதல் ரைபிளாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கிளம்புகிற அன்று உங்கள் தங்கை வழிமறித்தாள். "ஏனுங்க, எங்கண்ணன் ஒருக்காப் பார்த்துச் சொல்லட்டுமுங்க. வெடிச்சுக் கிடிச்சுப் போச்சுன்னா நான் என்ன பண்றது?"

அப்படித்தான் நீங்கள் என்னோடு பஸ் ஏறினீர்கள். ராவுத்தர் துணியைப் பிரித்ததும் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பார்வை மாட்டுச் சந்தைப் பார்வைதான். காளைக்குச் சுழி பார்ப்பதுபோலக் கட்டையைத் திருப்பித் திருப்பி மரத்தின் ரேகையைப் பார்த்தேன். பின்பக்கத்தில் ரேகை வட்டமாகச் சுழித்துக்கொண்டிருந்தது. "ராஜ சுழி. இதையே எடுத்துக்கலாம்" என்றேன். ராவுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சுழி நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ளை. போல்ட்டையும் ஒருக்காப் பார்த்துப்போடுவோம்" என்றீர்கள். சிரித்திருந்தால்கூட உங்களை வெறுக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

முதலில் போல்ட்டை இழுத்து, தோட்டா கிடக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினீர்கள். பிறகு அதை உருவி, அதிலிருந்த எண்ணும் துப்பாக்கியின் உடம்பில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்தீர்கள். வெள்ளைத் துணியைக் குழலுக்குள் இழுத்தபோது துரு வரவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்து, உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் வரிகளை ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்தீர்கள். ராவுத்தர் அதற்குள் என்னை மறந்துவிட்டார். விலை சொன்னதுகூட உங்கள் முகத்தைப் பார்த்துத்தான்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு ஏற்றினீர்கள். கண்ணைத் திறந்தபோது தலையை அசைக்க வேண்டியிருக்கவில்லை, குறி நேராக நின்றது. உங்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. கடைக்கு வந்திருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். பிறகு என் கையில் கொடுத்தீர்கள். நான் கொக்குபோலக் கழுத்தை நீட்டியும் குறி கண்ணுக்கு எட்டவில்லை.

"கட்டை உங்களுக்கு நீளமுங்க மாப்பிள்ளை. ஒரு விரக்கடை அறுத்துப்போட்டாச் சரியாப் போயிரும்."

என் கை குட்டை என்பதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் இருந்த ஆசாரி வந்து அறுத்தார். சுழி போய்விடாமல் அறுக்கச் சொல்லி நான் குனிந்து நின்று பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நடந்தது உங்களுக்கே தெரியும். முனியப்பன் முன்னால் ரைபிளை வைத்துக் கும்பிட்டபோது எல்லோரும் உங்களைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சான் பார்த்துக் குடுத்த துப்பாக்கி, குறி தப்புமா?" என்றார்கள். நான் சுட்ட ஒவ்வொரு பன்றியிலும் பாதிப் பெருமை உங்கள் வீட்டுக்குப் போயிற்று. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் கறி போடச் சொல்லிச் சாப்பிட்டுப் போனீர்கள்.

முந்தாநாள் தோட்டா கேட்டுச் சேலம் போயிருந்தேன். யுத்தத்தால் தோட்டா கிடைப்பதே அரிதாகிவிட்டது. ராவுத்தர் கையை விரித்துவிட்டு, பேச்சுவாக்கில் உங்களைப் பற்றி ஆரம்பித்தார்.

"ஆளே போயிட்டாரு, இனிச் சொன்னா என்னங்க? நீங்க வர்றதுக்கு முந்தியே உங்க மச்சான் வந்து அதைத் தோள்ல வெச்சுப் பார்த்துட்டுப் போனாரு. லைசென்ஸ் வந்ததும் எடுத்துக்கறேன், யாருக்கும் குடுத்துராதீங்கன்னாரு. அப்புறம் ஒரு நா வந்து, தங்கச்சி ஊட்டுக்காரரு ஆசைப்படறாரு, அவருக்கே குடுங்க, நான் வந்ததை மட்டும் சொல்லிப்போடாதீங்கன்னுட்டாரு."

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அன்று கடையில் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். உங்கள் தோளுக்குச் சரியாக இருந்ததை என் கைக்குத் தக்கபடி அறுக்கச் சொன்னவர் நீங்கள். மறுபடி ஆசைப்பட்டாலும் அது உங்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கையிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இதுவும் தெரிந்தால் என் வீட்டில் எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் உங்களுக்கே போய்விடும். நல்ல மனசு என்று கேட்பவர்கள் சொல்வார்கள். எனக்கு எரிகிறது, மச்சான். ஆசைப்பட்ட பொருளைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுகிற அந்த மனசு எனக்கு ஏன் வரவில்லை? அந்த எரிச்சலை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். இத்தனை வருடமும் உங்களை ஒருமுறையாவது முந்திவிட வேண்டும் என்று ஓடினேன். நீங்கள் என்னோடு ஓடவே இல்லை.