நான் விற்ற ஸ்கேன் மெஷின்

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

இன்று கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் புற்று இருக்கிறதா என்று காட்டும் ஸ்கேன் மெஷினை அவர்களுக்கு விற்றதே நான்தான். அதை இயக்கும் கவிதா என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, நாங்க கூப்பிடலையே? மெஷின் ஓகே லா," என்றாள்.

"மெஷினுக்கு இல்லம்மா, எனக்கு," என்று டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. "கூட யாரும் வரலையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊசி போட்டு, வெகுநேரம் காக்கவைத்து, பிறகு படுக்கச் சொன்னார்கள். நோயாளிக்கு வலியே தெரியாது என்று எத்தனை டாக்டர்களிடம் சொல்லி விற்றிருப்பேன். வலி இல்லைதான். ஆனால் அசையாமல் கிடக்கும்போது மனசு எங்கெங்கோ போகிறது.

கிளம்பும்போது கவிதா, "ஊசியோட கதிர்வீச்சு உடம்புல கொஞ்சம் இருக்கும். இன்னைக்குக் கைக்குழந்தைகளத் தூக்காதீங்கண்ணே," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷா ஆலமிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, பாப்பாவ கூட்டிட்டு வரட்டுமா? உங்களத் தேடுறா."

"இன்னைக்கு வேணாம்மா. வேலை இருக்கு."

"எப்பவும் வேலைதான்," என்று வைத்துவிட்டாள்.

நாளைக்கு வா என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும். அதுவரை அவள் கோபமாகவே இருக்கட்டும்.