இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

இன்று காலை ஒப்பரேசன் தியேட்டரில் எலும்பு கருகும் மணம் வந்தது. புதிதாக வந்த டொக்டர் ஒருத்தி ஞானப்பல் எடுப்பதற்காகத் தாடை எலும்பைக் குடைந்துகொண்டிருந்தாள். குடைகிற முனையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். குழாய் எங்கோ மடிந்து தண்ணீர் நின்றுவிட்டது. நகத்தைத் தீயில் காட்டினால் வருமே, அந்த மணம்தான். "தண்ணி! தண்ணியை விடு!" என்று நான் கத்தின கத்தலில், விறைப்பு ஊசி மட்டும் போட்டு முழித்துக்கொண்டு கிடந்த நோயாளி கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்திப் படுக்க வைத்தோம். வேலை முடிந்ததும் கைகழுவும் இடத்தில் போய் நெடுநேரம் நின்றேன். எல்லாரும் செத்தவர்களைப் பூ வாசத்தோடு நினைக்கிறார்கள். எனக்கு நீ வாய்த்தது இந்த நாற்றத்தோடு.

"சூடு பட்டால் எலும்பு செத்துப்போகும், பிறகு எப்பிடி ஆறும்?" இதுதான் உன் ஓயாத கேள்வி. ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்து, பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். நான் தேநீரை வாயில் வைக்கும் நேரம் பார்த்துத்தான் நீ தொடங்குவாய்.

"எடி, வெயிலிலை வெந்துபோய்க் கிடக்கிற போத்தில் தண்ணியாலை எலும்பைக் குளிரப் பண்ணுறம் எண்டு சொல்லுறியளே, வெக்கமில்லையோ?"

"எலும்புக்கு ஐஸ் தண்ணி கேக்குதோ? உனக்குத்தான் கேக்குது."

"எலும்புக்கு என்ன கேக்குதெண்டு உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனபடியால்தான் அந்த ஆய்வு தொடங்கியது. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் எடுக்க வேண்டியவர்களிடம் விளங்கப்படுத்திக் கேட்டோம். சம்மதித்தவர்களுக்கு ஒரு பக்கம் வழக்கமான தண்ணீர், மற்றப் பக்கம் குளிர வைத்த தண்ணீர். சில மாதம் கழித்து எக்ஸ்றே படம் எடுத்து, எந்தப் பக்கத்துக் குழியில் எலும்பு நன்றாக நிறைந்திருக்கிறது என்று பார்ப்பது. ஒரே வாய், ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு. வித்தியாசம் தண்ணீரில் மட்டும்தான். திட்டம் உன்னுடையது. நான் சேர்ந்தது உன்னைப் பிழையென்று காட்டுவதற்காக. அதைச் சொல்லியே சேர்ந்தேன், நீயும் சிரித்துக்கொண்டே சேர்த்தாய்.

தியேட்டர் குளிர்சாதனப் பெட்டியில் மருந்துக்கே இடமில்லை என்றுவிட்டார்கள். நீ திருநெல்வேலிச் சந்தையில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, ஐஸ் கரையாத றெஜிபோம் நுரைப் பெட்டியில் போட்டு, அதற்குள் சேலைன் தண்ணீர்ப் போத்தில்களைப் புதைத்து, பலாலி றோட்டு பஸ்ஸில் கொண்டுவந்தாய். "தங்கச்சி, மீன் பெட்டியைப் பின்னுக்கு வையுங்கோ" என்று கொண்டக்டர் தினமும் சொல்வான். "இது மீனில்லை, தண்ணி" என்று நீ தினமும் சொல்வாய். ஒரு நாள் பக்கத்தில் இருந்த மனுசி, பாரை இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டாளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன் கைப்பையிலும் மீன் மணம்தான். ஒரு பேச்சுக்குக்கூட நீ அலுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

மாரி மழையோடு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. டெங்கு என்று சொன்ன பிறகும் கட்டிலில் கிடந்தபடி, ஆருக்கெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்றே கதைத்தாய். "முதல் சுகப்படு, பிறகு எலும்பைப் பாப்பம்" என்றேன். சாவகச்சேரியில் உன் வீட்டில் பறை அடித்தது. ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வழக்கப்படி வாசல் படலையோடு நின்றோம். பாதி வேலையில் எழும்பிப் போகிறாயே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

அன்றிலிருந்து அந்தரம்தான். கையில் இருந்தவை கொஞ்சப் படங்கள். அவற்றில் உன் குளிர்தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் நன்றாகத்தான் தெரிந்தது. எங்கள் பிரிவின் பெரிய டொக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் காணும் பிள்ளை, எழுதி அனுப்பும். அவவுக்கும் ஒரு பேர் கிடைக்கும்" என்றார். இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உன் அம்மாவிடம் அச்சடித்த தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் பல்லெடுத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இன்னும் படம் எடுக்கத் திரும்பி வரவில்லையே. வராதவர்களின் எலும்பு என்ன சொல்கிறதோ? சோற்றைப் பிசைந்துகொண்டு அதையே யோசித்தேன். மேசையில் இருந்தால் எழும்ப வேண்டும்போல, எழும்பினால் இருக்க வேண்டும்போல.

கடைசியில் நானே போன் எடுக்கத் தொடங்கினேன். பருத்தித்துறையில் கடற்றொழில் செய்யும் ஒருவர் முதலாவது. மனைவிதான் எடுத்தார். "வாய்க் கிளினிக்கிலை இருந்து கதைக்கிறன். அவருக்கு ஒரு படம் எடுக்க வேணும். கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "ஓம், வாறம்" என்று மட்டும் கேட்டது. சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாள் ஒரு வாடகை வான் வந்து நின்றது. அவர், மனைவி, தாய், இரண்டு சகோதரிமார், பிள்ளைகள். எல்லார் நெற்றியிலும் திருநீறு. அவர் முகம் காய்ந்து கிடந்தது.

"எதையும் மறைக்காமல் சொல்லுங்கோ டொக்டர்" என்றார் மனைவி. "நீங்கள் போன் எடுத்த நாளிலை இருந்து இந்த மனுசன் சோறு தண்ணி தொடேல்லை. எங்கடை மாமாவுக்கும் இப்பிடித்தான் வாய்க் கிளினிக்காலை கூப்பிட்டவை. புற்றுநோய் எண்டு சொல்லி, கொஞ்ச நாளிலை ஆளே இல்லை."

வெற்றிலையும் புகையிலையும் போடும் ஊரில், வாய்க் கிளினிக் தேடிக் கூப்பிட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? அது எனக்கு உறைக்கவில்லை.

"ஐயோ, ஒண்டுமில்லை! நல்லாத்தான் இருக்கிறார். பல்லெடுத்த இடத்திலை எலும்பு வளர்ந்திட்டுதோ எண்டு பாக்கத்தான்."

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?" என்றார் அவர்.

"ஒண்டுமில்லை."

தாய் நிலத்தில் இருந்து கும்பிட்டார். மனைவி பொரிந்து தள்ளினார். "நல்லா இருக்கிற மனுசனைப் பாக்கவோ கூப்பிட்டனீங்கள்? சந்நிதியானுக்குக் காவடி நேந்துபோட்டெல்லோ வந்திருக்கிறம்! மற்ற டொக்டர் எங்கை? ஐஸ் பெட்டியோடை திரியிறவ. அவவைக் கூப்பிடுங்கோ, அவவோடை கதைக்கிறன்."

சொல்ல வேண்டியதாயிற்று. "அவ இப்ப இல்லை அக்கா. காய்ச்சலிலை மோசம் போயிட்டா."

மனைவி அப்படியே சுவரோர வாங்கில் குந்திவிட்டார். "பல்லுப் பிடுங்கின அடுத்த நாள் போன் எடுத்து, கஞ்சி குடிச்சவரோ எண்டு கேட்டவ" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு கணவனைப் பார்த்து, "போய் எடுங்கோ. அந்தப் பிள்ளையின்ரை வேலையெண்டா எடுங்கோ" என்றார்.

படம் கணினியில் வந்தது. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டு குழியிலும் எலும்பு ஒரே மாதிரி நிறைந்திருந்தது. எது உன் குளிர்தண்ணீர்ப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. குடும்பமே சந்தோஷமாக வானில் ஏறிப் போனது. நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களிலும் அதே கதைதான். பண்டத்தரிப்பில் இருந்து வந்த ஓர் ஆசிரியைக்குச் சாதாரணத் தண்ணீர்ப் பக்கம்தான் இன்னும் வடிவாக ஆறியிருந்தது. நான் கூட்டிவந்த ஒவ்வொருவரும் உன் பக்கத்தில் இருந்து ஒரு கல்லை உருவிக்கொண்டு போனார்கள். நான் கூப்பிடாமல் விட்டிருந்தால் நீ வென்றிருப்பாய். அதை நினைத்தபோதெல்லாம் போனைக் கீழே வைத்தேன். வைத்தால், "வராதவையை விட்டிட்டு எழுதினால் அது ஆய்வில்லையடி, ஆசை" என்று நீ யாருடைய கட்டுரையையோ பார்த்துக் கிழித்தது காதில் கேட்டது. திரும்ப எடுத்தேன். பிறகெல்லாம் வாய் திறந்தவுடன், "பயப்பிடாதையுங்கோ, உங்களுக்கு ஒண்டுமில்லை" என்றுதான் தொடங்கினேன்.

நேற்றோடு வரக்கூடியவர்கள் எல்லாரும் வந்து முடிந்துவிட்டார்கள். பெரிய டொக்டர் படங்களைப் பார்த்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். உன் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உன்னை வெல்ல வேண்டும் என்றுதானே சேர்ந்தேன். வெல்வது இப்படிக் கசக்கும் என்று யார் கண்டது? எனக்கு நீ விட்டுப்போனது அந்த வாதம் ஒன்றுதான். அதையும் முடித்துவிட எனக்கு மனமில்லை.

இன்று பின்னேரம் கட்டுரையைத் தொடங்கினேன். உன் பெயரை முதலில் போட்டேன், என் பெயர் அதற்குப் பின்னால். "குளிர்நீரால் எலும்பு ஆறுவதில் வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை" என்று தட்டி முடித்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, நீ இப்போது என் மேல் பாயப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீ தொடங்கும் நேரம் என்று தேநீரை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன்.