ஓட்டை போடாத டின்

அக்கா,

இன்று காலை சிரம்பானில், லெட்சுமி வீட்டுச் சமையலறையில் தேநீருக்காக உட்கார்ந்திருந்தேன். அவள் கட்டிப்பால் டின்னை மேசைமேல் வைத்துக் கத்தி முனையால் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டாள். டொக், டொக். இத்தனை வயதாகியும் அந்தச் சத்தம் கேட்டால் நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, மிஸ்ஸி மந்தின்ல தவறிட்டாங்க. போன வாரமே அடக்கம் ஆயிருச்சு" என்றாள்.

போன வாரம் நடந்தது எனக்கு இன்று தெரிகிறது. உங்கள் விஷயத்தில் எல்லாமே எனக்குக் கடைசியில்தான் தெரியும். நான் அழவில்லை அக்கா. தேநீரில் இனிப்பு போதவில்லை என்று அவளோடு சண்டை போட்டேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு, கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நம்மைச் சுற்றி முள்வேலி அடித்திருந்த நேரம் அது. மரத்தில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறாவது போகிறதா என்று உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். அந்த வேலிக்குள்தான் சின்னப் பிள்ளை லெட்சுமி வீங்க ஆரம்பித்தாள். முதலில் கண்ணிமை, பிறகு முகம், பிறகு கால். பிள்ளை சதை போடுகிறது என்று நான் லயத்து வீடுகள் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவுதான் எட்டியது.

தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, எல்லாருக்கும் 'மிஸ்ஸி' ஆகியிருந்த நீங்கள் அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். குழி விழுந்தது; மேலே வரவே இல்லை.

"இது சதை இல்ல தம்பி, தண்ணி. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வீக்கத்தை இறக்கியது. ஆனால் நோயைத் தாங்கும் சக்தியையும் சேர்த்து இறக்கிவிடும், சாதாரணச் சளி பிடித்தால்கூடப் பிள்ளை பிழைக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்கு நீங்கள்தான் துரை. இருமுகிறவர்கள் வாசலோடு சரி. அவளுக்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, இரண்டும் கொதிநீரில். சோற்றில் உப்பு கிடையாது. அவளைத் தொடும் முன் முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். கழுவிய கையை நான் வேட்டியில் துடைக்கப் போனால் போதும், குரல் வரும்.

"கழுவினதெல்லாம் வீணா போச்சு! கேட்டுல தூக்குவியே, அந்த மாதிரி கைய தூக்கி நில்லு. தானா காயட்டும்."

"வெளியிலயும் கை தூக்கணும், வீட்டுலயும் கை தூக்கணுமா அக்கா?"

"அங்க தூக்கினா உனக்கு நல்லது. இங்க தூக்கினா உன் புள்ளைக்கு நல்லது."

உப்பில்லாக் கஞ்சியைப் பிள்ளை துப்பினாள். அப்பாவும் இனி உப்புச் சேர்க்கமாட்டேன் என்று சபதம் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்து குடித்தேன். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டில் கருவாடு. நீங்கள் என் அருகில் வந்து மூக்கைச் சுருக்கினீர்கள். "தியாகி வாயில என்னா கருவாட்டு வாசம்?" படுக்கையில் இருந்த பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவள் அப்படிச் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த டின்.

அப்போதெல்லாம் கடையில் எந்த டின் வாங்கினாலும், கடைக்காரர் நம் கண்முன்னே ஆணி வைத்து ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். ஓட்டை போட்டால் கெட்டுவிடும், காட்டுக்குள் சேர்த்துவைக்க முடியாது என்பது சர்க்கார் கணக்கு. ஓட்டை போடாத டின் வீட்டில் இருந்தால் குற்றம். ஆனால் ஓட்டை வழியாக எறும்பும் ஈரமும் போன பால்மாவைக் குடித்து லெட்சுமிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவள் பிழைத்தது உங்களால்தான். அதை நான் என்றும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தக் காய்ச்சல் இறங்கிய மறுநாள், ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்த, ஓட்டை போடாத ஒரு பால்மா டின்னை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்தீர்கள்.

"கடை டின்னு இனிமே இவளுக்கு வேணாம். இத நான் வந்து தொறக்கிறேன். யாராச்சும் கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

நான் பாத்துக்கிறேன். அந்த வார்த்தையைத்தான் அக்கா நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் லயத்தைச் சோதனை போட்டார்கள். கட்டிலடியில் டின் அகப்பட்டது. அக்கம்பக்கம் எல்லாரும் வெளிறிப்போய் நின்றார்கள். நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர், "யாருலா குடுத்தா? காட்டுக்காரனுக்கா வச்சிருக்க?" என்று கேட்டார். "நம்ம மிஸ்ஸி குடுத்தாங்கய்யா, புள்ளைக்கு. கூப்பிட்டே கேளுங்க" என்றேன். உங்களைக் கூப்பிடச் சொன்ன புத்திசாலி நான்தான்.

நீங்கள் வெள்ளை உடுப்போடு வந்தீர்கள். டின்னைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. இந்த டின்ன நான் குடுக்கல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்கா ஏதோ விளையாடுகிறார், அடுத்த வார்த்தையில் சரிசெய்துவிடுவார் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரும்பி லெட்சுமி படுத்திருந்த அறைக்குள் போனீர்கள்.

தடுப்பு முகாமில் அடியைவிட எனக்கு வலித்தது ஒன்றுதான்: பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாதது. அங்கேயும் சாப்பாட்டுக்கு முன் முழங்கை வரை கழுவிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், பழக்கம் போகவில்லை. மற்றவர்கள் எனக்கு 'மிஸ்ஸி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் பெயரைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருமோ, அதே பெயருக்கு நான் தினமும் "என்னா?" என்று திரும்பிப் பார்த்தேன்.

விட்டபோது தோட்டத்துக்கு ஓடினேன். லெட்சுமி வீக்கம் வடிந்து, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தூக்கப் போனேன். "கை கழுவிட்டு வாங்கப்பா" என்றாள். அது உங்கள் குரல். என் வீட்டுக்காரி, நீங்கள் விடிந்ததும் ஒரு தடவை, வேலை விட்டதும் ஒரு தடவை வந்ததையும், எங்கிருந்தோ டின் டின்னாகக் கொண்டுவந்ததையும் சொன்னாள். "அந்த டின்னெல்லாம் யாரு கண்ணுலயும் படலியா?" என்று கேட்டேன். அவள் கொதிநீரிலிருந்து கிண்ணத்தை எடுக்கப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தீர்கள். "வந்துட்டியா தம்பி" என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை, நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று நின்றேன். கொஞ்ச நாளில் கெமாஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

பின்னாளில் ஒரு டாக்டர் எனக்கு அந்த நோயை விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி தடம் மாறி, சொந்தச் சிறுநீரகத்தையே தாக்குமாம். "புரியுதா ஐயா?" என்றார். எனக்கா புரியாது? காவலுக்கு நின்றவர் கை வைத்தால் எப்படி இருக்கும் என்பதில் நான் அவரைவிட அதிகம் படித்தவன்.

இன்று காலை இனிப்புச் சண்டை முடிந்த பிறகு லெட்சுமி மெதுவாகச் சொன்னாள். வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு அவள் உங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தாளாம். அதுவும் எனக்குத் தெரியாது. ஒரு தடவை நீங்களே சொன்னீர்களாம்: "நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருந்தா உங்கப்பாவயும் விட்டிருக்க மாட்டாங்க, என்னயும் புடிச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் போயிட்டா உன்ன யாரு பாக்கிறது?"

இருக்கலாம். பயத்தில் சொல்லிவிட்டுப் பிறகு கண்டுபிடித்த காரணமாகவும் இருக்கலாம். எது என்று நீங்கள் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன். ஆனால் என் மகளிடம் சொன்னதை என்னிடம் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

நான் கேட்பது இவ்வளவுதான் அக்கா. டின்னைக் கொடுத்த அன்றே காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்: "அகப்பட்டா நீதான் போகணும், நான் இவளோட இருக்கணும்." நான் சரி என்றிருப்பேன். கடையில் நானே திருடினேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு லாரியில் ஏறியிருப்பேன். கருவாட்டுத் தியாகி ஒரு தடவையாவது நிஜத் தியாகி ஆகியிருப்பான். பிள்ளைக்காக நான் போனதாக இருக்க வேண்டியது, நீங்கள் அனுப்பியதாக ஆகிவிட்டது. அதை மட்டும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

மத்தியானம் லெட்சுமி தன் பேத்தியைத் தூக்கிவந்தாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் எழுந்து தொட்டிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். துண்டு பக்கத்திலேயே தொங்கியது. தொடவில்லை. உங்கள்மேல் இருந்த கோபம் அப்படியே இருக்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஈரம் தானாகக் காயும்வரை நின்றேன்.